ரவுண்டானாவில் அந்த இடப்புற விளக்கு யாருக்காக எரிகிறது? ஓட்டுநர் பயிற்சியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்களுக்கும், உரிமத் தேர்வை நடத்தும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ரவுண்டானாவைச் சுற்றி வந்து தமக்குரிய சாலையில் பிரியும் ஓட்டுநர், பிரிவதற்குச் சற்று முன்பே இடப்புற இண்டிகேட்டரைப் போட வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆனால் உங்களிடம் பயின்று, உங்கள் முன் ஓட்டிக் காட்டி, உரிமம் பெற்றுச் சாலைக்கு வந்தவர்களில் மிகப் பலர் அதைச் செய்வதில்லை. இதைப் போக்குவரத்துக் காவலர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டிச் செல்பவர் தவறென்று தெரிந்தே செய்கிறார். அவரைத் தண்டம் விதித்துத் திருத்த முடியும். வெளியேறும் சைகையைக் காட்டாதவரோ பெரும்பாலும், தாம் ஒன்றை விட்டுவிட்டோம் என்பதையே உணராதவர். யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்; சொல்லித் தந்திருந்தாலும், அந்த விளக்கு யாருக்காக எரிகிறது என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் குறை தண்டத்தால் தீராது. பயிற்சியின் முதல் சில வாரங்களிலேயே தீர்க்கப்பட வேண்டிய குறை அது.

இந்த மடலை இடப்புறமாக வண்டி ஓட்டும் நாடுகளை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். வலப்புறம் ஓட்டும் நாடுகளில் பயிற்சி தருவோர் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன். சுற்றுவட்டம் என்று சொல்லிப் பழகியவர்களும் நான் ரவுண்டானா என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நுழையக் காத்து நிற்கும் ஒருவரின் இருக்கையில் சிறிது நேரம் அமர்ந்து பார்ப்போம். அவர் வழிவிடும் கோட்டில் நின்று வலப்புறம் பார்த்துக்கொண்டிருக்கிறார். வட்டத்துக்குள் ஒரு கார் அவரை நோக்கி வருகிறது. அந்தக் கார் அவர் நிற்கும் சாலையிலேயே பிரிந்து போகலாம். அல்லது அவருக்கு முன்னால் கடந்து அடுத்த சாலைக்குப் போகலாம். முதலாவது நடக்குமானால் அவர் இப்போதே நகரத் தொடங்கலாம். இரண்டாவது நடக்குமானால் நின்றாக வேண்டும். காரின் முன்சக்கரங்கள் வெளிப்புறம் திரும்பும்வரை இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஏனெனில் அதுவரை அந்தக் கார் வட்டத்தை ஒட்டி வளைந்துதான் வந்துகொண்டிருக்கும். எங்கே போகிறோம் என்பது அந்தக் காரை ஓட்டுபவர் ஒருவருக்கே தெரியும். காத்து நிற்பவரின் கண்ணுக்கு நேராகத் தெரிவது அந்தக் காரின் முன்புறமும் இடப்பக்கமும்தான். அந்த இடப்பக்கத்தில்தான் அவருக்கு வேண்டிய ஒரே செய்தியைச் சொல்லக்கூடிய விளக்கு இருக்கிறது.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வரும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் நகர்கிறது. சிறிய ரவுண்டானாவில் ஒரு கிளைச் சாலைக்கும் அடுத்த கிளைச் சாலைக்கும் இடையே 15 அல்லது 20 மீட்டர்தான் இருக்கும்; அதாவது இரண்டு, மூன்று விநாடிப் பயணம். நின்ற நிலையிலிருந்து ஒருவர் பதற்றமின்றி உள்ளே நுழைவதற்குச் சுமார் 4 அல்லது 5 விநாடி இடைவெளி வேண்டும். சைகை இல்லாமல் வந்த கார் பிரிந்து போய்விட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு அவர் நகர முற்பட்டால், அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடுகிறது. அதுவும் சைகை காட்டாமல் வந்து, அதுவும் பிரிந்து போய்விடுகிறது. உண்மையில் அவருக்கு முன்னால் பாதை பலமுறை திறந்திருந்தது. ஆனால் திறந்திருந்தது என்பது ஒவ்வொரு முறையும் காலம் கடந்தே அவருக்குத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நிற்கும் வரிசை அடுத்த சந்திப்பு வரை நீளும்போது, ரவுண்டானாவின் அமைப்பே சரியில்லை என்றும் இங்கே சிக்னல் விளக்கு வைக்க வேண்டும் என்றும் குரல் எழுகிறது.

விளக்கு எரியாமல் இருப்பதற்கும் ஒரு பொருள் உண்டு என்பதைப் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் ஒழுங்காகச் சைகை காட்டும் ஒரு ரவுண்டானாவில், இடப்புற விளக்கு எரியாமல் வரும் வண்டி ‘நான் இன்னும் வட்டத்துக்குள்தான் இருக்கப் போகிறேன், எனக்கு வழி விடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அந்த மௌனத்தை நம்பித்தான் காத்து நிற்பவர் தம் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார். ஆனால் பத்துப் பேரில் ஐந்து பேர் சைகை காட்டாமலேயே பிரிந்து போகும் இடத்தில் அந்த மௌனத்துக்கு எந்தப் பொருளும் இல்லாமல் போகிறது; அப்படியே போகிறவருக்கும் பிரிகிறவருக்கும் வேறுபாடு தெரியாத நிலையில், பொறுமை உள்ளவர் எல்லோருக்காகவும் நிற்கிறார், பொறுமை இழந்தவர் யாருக்காகவும் நிற்பதில்லை. சைகை காட்டாத ஒருவர் தம் ஒரு வண்டியைப் பற்றிய செய்தியை மட்டும் மறைப்பதில்லை. ஒழுங்காக ஓட்டும் மற்றவர்களின் மௌனத்தையும் நம்ப முடியாததாக்கிவிடுகிறார். இதனால்தான் இதைச் சிறு பிழை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

ரவுண்டானாவின் வரலாறும் இதையே காட்டுகிறது. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905-இலும், பாரிஸில் வெற்றி வளைவைச் சூழ்ந்த சதுக்கத்தில் 1907-இலும் வண்டிகள் ஒரே திசையில் வட்டமாகச் செல்லத் தொடங்கின. ஆனால் நுழைபவருக்கும் சுற்றுபவருக்கும் இடையே யார் முந்துவது என்பதில் பல நாடுகளில் தெளிவில்லை. நுழைபவருக்கே முன்னுரிமை என்ற வழக்கமும் இருந்தது. வண்டிகள் பெருகியபோது நுழைகிறவர்கள் உள்ளே வந்து அடைத்துக்கொள்ள, உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழியின்றி, வட்டம் முழுவதும் பூட்டிக்கொண்டது. பிரிட்டன் 1966 நவம்பரில் ஒரே ஒரு விதியால் அந்தப் பூட்டைத் திறந்தது: நுழைகிறவர், ஏற்கெனவே வட்டத்துக்குள் தம் வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். பின்னர் வேறு பல நாடுகளும் இவ்விதியின் பாதையிலேயே வந்தன.

அந்த விதியின் பின்விளைவு ஒன்று நமக்கு முக்கியமானது. அதற்கு முன் வண்டிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து செல்ல நீண்ட இடம் தேவைப்பட்டதால் வட்டங்கள் மிகப் பெரியவையாகக் கட்டப்பட்டன. வழிவிடும் விதி வந்ததும் அவ்வளவு இடம் தேவைப்படவில்லை. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளர், சாலை நடுவே ஒரு சிறு வட்டம் வரைந்தாலே போதும் என்னும் அளவுக்கு அவற்றைச் சுருக்கிக் காட்டினார். வட்டம் சுருங்கியபோது, எதிர்வரும் வண்டியின் நோக்கத்தைப் படித்தறிய நமக்குக் கிடைக்கும் நேரமும் சுருங்கியது. பெரிய வட்டத்தில் வண்டியின் போக்கைப் பார்த்தே ஊகித்துக்கொள்ளலாம். சிறிய வட்டத்தில் அதற்கு அவகாசம் இல்லை. 1966-ஆம் ஆண்டு விதி, யார் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொன்னது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்வது பிரியும் வண்டியின் இடப்புற விளக்கு மட்டுமே.

ரவுண்டானாவின் நன்மையில் எனக்கு ஐயமே இல்லை. நான்கு சாலைகள் குறுக்கிடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய இடங்கள் 32 என்றும், ஒற்றைத் தடம் கொண்ட ரவுண்டானாவில் அவை 8 என்றும் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். நேருக்கு நேரும் செங்குத்தாகவும் மோதும் கொடிய விபத்துகள் ஏறக்குறைய இல்லாமலாகின்றன. வேகமும் தானாகவே குறைகிறது. அத்தகைய அமைப்பை, ஒரு விரல் அசைவை யாரும் பழக்கவில்லை என்பதற்காக நாம் இழந்துவிடக் கூடாது.

இனி, எங்கே பிழைக்கிறது என்பதற்கு வருகிறேன். மாணவர்கள் இண்டிகேட்டரை ஸ்டியரிங்கின் நிழலாகக் கற்கிறார்கள் என்பது என் கருத்து. சக்கரம் இடப்புறம் திரும்பினால் இடப்புற விளக்கு, வலப்புறம் திரும்பினால் வலப்புற விளக்கு என்பதே அவர்கள் மனத்தில் பதிகிறது. நேர்ச்சாலைக்கும் எளிய திருப்பத்துக்கும் அது போதும். ரவுண்டானாவிலோ, நேராகச் செல்பவர்கூட முதலில் இடப்புறம் திருப்பி நுழைந்து, பிறகு வலப்புறம் வளைந்து, மீண்டும் இடப்புறம் திருப்பி வெளியேறுகிறார். சக்கரத்தின் அசைவை விளக்கு பின்பற்றினால் பிறருக்குப் பொய் சொன்னதாகிவிடும். நுழையும்போதே இடப்புற விளக்கைப் போட்டுவிட்டு நேராகச் செல்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். முதல் சாலையில் அவர் பிரிந்துவிடுவார் என்று நம்பி ஒருவர் உள்ளே வந்தால் மோதல்தான். வலம் திரும்பப் போகிறவர் வலப்புற விளக்கோடு நுழைந்து, அதை அணைக்காமலேயே கடைசிவரை சுற்றி, அந்த விளக்கு எரியும்போதே இடப்புறச் சாலையில் பிரிந்து போவதையும் பார்க்கிறோம்.

இவற்றைவிடக் கவலை தருவது, நேராகப் போகிறேன் என்பதைத் தெரிவிப்பதாக எண்ணி நான்கு பக்க அபாய விளக்குகளையும் மினுக்கிக்கொண்டு நுழையும் வழக்கம். அது நல்ல நோக்கத்தோடு செய்யப்படுவது. யாரோ ஒரு மூத்த ஓட்டுநர் அக்கறையோடு சொல்லித் தந்தது. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த வண்டியின் ஒரு பக்கம் மட்டுமே தெரியும்போது, அந்த ஒரு பக்கத்தில் மினுங்கும் விளக்கு ‘நான் இந்தப் பக்கம் திரும்புகிறேன்’ என்றே படிக்கப்படும். அதோடு, அந்த விளக்குகள் எரியும்வரை உண்மையான வெளியேறும் சைகையைக் காட்டவும் வழியில்லை. முகப்பு விளக்கைப் பளிச்சிடுவதும் அப்படியே: ஒருவர் அதை ‘நீங்கள் போங்கள்’ என்று சொல்லப் பயன்படுத்துகிறார், மற்றொருவர் ‘நான் வருகிறேன், நில்லுங்கள்’ என்று சொல்லப் பயன்படுத்துகிறார். எதிரெதிரான இரு பொருள் தரும் ஒரு சைகையை மாணவர்களுக்குப் பழக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எது சரி என்பதில் நாடுகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வலம் திரும்பப் போகிறவர் நுழையும்போதே வலப்புறச் சைகை காட்ட வேண்டும். நேராகச் செல்பவர் நுழையும்போது எதுவும் காட்ட வேண்டியதில்லை. ஜெர்மனியிலோ, ரவுண்டானாவுக்குரிய பலகைகள் நிறுவப்பட்ட இடங்களில், நுழையும்போது எந்தச் சைகையும் காட்டவே கூடாது. ஆனால் வெளியேறும்போது சைகை காட்ட வேண்டும் என்பதில் இம்மூன்று நாடுகளும் ஒன்றுபடுகின்றன. நுழைவுச் சைகையில் கருத்து வேறுபாடு இருக்கும் நாடுகளும் வெளியேறும் சைகையில் ஒத்துப்போகின்றன என்பதிலிருந்தே, இரண்டில் எது இன்றியமையாதது என்பது விளங்கும். ஒரே ஒரு சைகையைத்தான் மாணவர் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாகவே இருக்கட்டும்.

அதைக் காட்ட வேண்டிய தருணமும் எளிதில் சொல்லக்கூடியதுதான். நாம் போக வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையின் வாயைக் கடந்ததும் இடப்புற விளக்கைப் போட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் முந்தைய சாலையில் காத்திருப்பவர் ஏமாறுவார். சக்கரத்தைத் திருப்பும்போதே போட்டால் யாருக்கும் பயன்படாது. இண்டிகேட்டர் விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மினுங்கும்படி அமைக்கப்படுகிறது. அதாவது ஒரு விநாடிக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. சக்கரத்தோடு சேர்த்துப் போடப்படும் விளக்கு ஒருமுறை மினுங்குவதற்குள் வண்டி பிரிந்து முடித்துவிடும். மிகச் சிறிய வட்டங்களில் இதற்குப் போதிய தூரம் இருக்காது என்பது உண்மைதான். அங்கேயும் ஒரு மினுங்கலாவது காட்ட முயல்வது, ஒன்றுமே காட்டாததைவிட நல்லது.

இதற்கு ஒரு கைப்பழக்கம் தேவை என்பதையும் மறுக்கவில்லை. ஸ்டியரிங்கை வலப்புறம் வளைத்துப் பிடித்திருக்கும் நிலையில் இண்டிகேட்டர் நெம்புகோலை எதிர்த்திசைக்குத் தள்ள வேண்டும். புதியவருக்கு அது இயல்பாக வராது. நுழைவில் சக்கரம் இடப்புறம் திரும்பும்போது, முன்பே போட்டிருந்த வலப்புற விளக்கு தானாக அணைந்துவிடுவதும் உண்டு. வெளியேறிய பிறகு, திருப்பம் சிறியதாக இருந்தால் இடப்புற விளக்கு தானாக அணையாமல் அடுத்த சந்திப்பு வரை மினுங்கிக்கொண்டே போவதும் உண்டு. இருசக்கர வாகனங்கள் பலவற்றில் தானாக அணையும் அமைப்பே இல்லை. ‘முந்தைய சாலை கடந்தது, இடம்’ என்றும், வெளியேறியதும் ‘அணைந்தது’ என்றும் மாணவரை வாய்விட்டுச் சொல்ல வைத்தால் சில நாட்களில் கை பழகிவிடும். நான் வண்டி பழகியபோது எனக்கு யாரும் இதைச் செய்விக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு நானே தனியாகச் சொல்லிச் சொல்லித்தான் பழகினேன்.

அப்படிப் பழக என்னைத் தூண்டிய நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை வேளையில் நான் நுழையக் காத்திருந்தேன். வலப்புறமிருந்து வந்த வேன் ஒன்றின் இடப்புற விளக்கு தெளிவாக எரிந்தது. நான் நகர்ந்தேன். வேன் பிரியவில்லை, அதன் விளக்கு முந்தைய ஏதோ ஒரு திருப்பத்தில் போடப்பட்டு அணைக்கப்படாமல் இருந்தது. இருவரும் பிரேக்கை அழுத்தியதில் ஒரு சாண் இடைவெளியில் நின்றோம். என் பின்னிருக்கையில் என் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஓட்டுநர்மீது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வீடு வந்து யோசித்தபோது, அந்த வேன் சற்றும் வேகம் குறைக்கவில்லை என்பதையும், அதன் முன்சக்கரங்கள் உள்நோக்கியே வளைந்திருந்தன என்பதையும் நான் பார்த்திருந்தும் விளக்கை மட்டுமே நம்பினேன் என்பது புரிந்தது. பொய்ச் சைகை, சைகையே இல்லாததைவிடத் தீங்கானது. சைகை காட்டக் கற்பிக்கும் அதே நாளில், பிறர் காட்டும் சைகையை வேகத்தோடும் சக்கரத்தின் திசையோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பதையும் கற்பிக்க வேண்டுகிறேன்.

இதுவரை வண்டி ஓட்டுபவரைப் பற்றியே பேசிவிட்டேன். அந்த இடப்புற விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இன்னொருவர் உண்டு. வெளியேறும் சாலையைக் குறுக்கே கடக்க ஓரத்தில் நிற்கும் நடையாளர் அவர். சிக்னல் உள்ள சந்திப்பில் அவருக்குப் பச்சை மனிதன் உருவம் தெரியும். ரவுண்டானாவில் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. வட்டத்தில் வரும் வண்டி தம்மை நோக்கித் திரும்புமா, விலகிப் போகுமா என்பதை அவர் அந்த விளக்கிலிருந்து மட்டுமே அறிய முடியும். கூர்ந்து பார்த்து, ஓடிக் கடக்கக்கூடிய இளைஞர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். கைத்தடியோடு மெல்ல நடக்கும் முதியவர் சாலையின் பாதியில் இருக்கும்போது சைகையின்றி ஒரு வண்டி பிரிந்து வந்தால் அவரால் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. பார்வையற்றவர்களுக்கு ரவுண்டானா இன்னும் கடினமானது. சுற்றும் வண்டியின் ஒலியும் பிரியும் வண்டியின் ஒலியும் ஒன்றாகக் கலந்து வருவதால் செவியை நம்பிக் கடப்பது அங்கே அரிது. அவர்களுக்கு இண்டிகேட்டர் உதவாது. ஓட்டுநர் வேகம் குறைத்து, நின்று வழிவிடுவதே உதவும். வெளியேறுவதற்கு முன் சைகை காட்டப் பழகியவர், வெளியேறும் சாலையை ஒரு கணம் முன்னதாகவே மனத்தில் கொண்டுவருகிறார். அங்கே யார் நிற்கிறார்கள் என்பதும் அவர் கண்ணில் படுகிறது.

சைக்கிளில் செல்பவருக்கும் இதே ஆபத்து வேறு வடிவில் வருகிறது. அவர் வட்டத்தின் வெளியோரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு வலப்புறம் வந்த கார் அறிவிப்பின்றி அவரைக் குறுக்கே வெட்டி வெளியேறுகிறது. இரு தடங்கள் கொண்ட ரவுண்டானாவில் உள்தடத்திலிருந்து பிரிபவரும் இதையே செய்கிறார். விளக்கைப் போட்டுவிட்டால் வழி தமக்குச் சொந்தமாகிவிடும் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்ளாதபடி, சைகைக்கு அடுத்தபடியாகக் கண்ணாடியையும் தோளுக்குப் பின்னாலும் பார்ப்பதைச் சேர்த்தே கற்பியுங்கள்.

தேர்வாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மாணவர்கள் தேர்வில் கேட்கப்படுவதைத்தான் கற்பார்கள், ஆசிரியர்களும் அதைத்தான் கற்பிப்பார்கள். இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே தேர்வுப் பாதையில் ஒரு ரவுண்டானா இருக்கட்டும். அதில் முதல் சாலையில் திரும்பச் சொல்வதோடு நிறுத்திவிடாமல், மூன்றாவது சாலை வரை சுற்றச் சொல்லுங்கள். முதல் சாலையில் திரும்புபவருக்கு ஒரே விளக்கு போதும், அவருக்குப் புரிந்ததா என்று அதில் தெரியாது. மூன்றாவது சாலையில்தான் விளக்கை மாற்ற வேண்டிய இடம் வருகிறது. வெளியேறும் சைகையை விட்டவருக்கு மதிப்பெண் குறையட்டும்; பிறரை ஏமாற்றும் சைகை காட்டியவருக்கு அதைவிட அதிகமாகக் குறையட்டும். தம் சாலையைத் தவறவிட்டுவிட்டு மீண்டும் ஒருமுறை அமைதியாகச் சுற்றி வந்தவருக்கு எதையும் குறைக்காதீர்கள். தவறவிட்டால் இன்னொரு முறை சுற்றிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பை ரவுண்டானா ஒன்றுதான் தருகிறது. அதை அறியாதவர்கள்தான் கடைசி நொடியில் தடம் தாண்டிப் பாய்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் கடைசியாக ஒன்றைக் கேட்கிறேன். ரவுண்டானாப் பாடத்தைத் தொடங்கும் நாளில், மாணவரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், பாதுகாப்பான ஒரு நடைபாதை ஓரத்தில் கால்மணி நேரம் நிற்க வையுங்கள். சுற்றி வரும் ஒவ்வொரு வண்டியும் எந்தச் சாலையில் பிரியும் என்பதை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். விளக்குப் போட்டு வரும் வண்டிகளை அவர் சரியாகச் சொல்வார். போடாமல் வரும் வண்டிகளில் திணறுவார், சில முறை தவறாகவும் சொல்வார். ஒவ்வொரு தவறின்போதும், ‘இப்போது நீங்கள் அந்த வண்டிக்கு முன்னால் நுழைந்திருப்பீர்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, அதே ரவுண்டானாவைச் சுற்றி வரச் செய்யுங்கள். சற்று முன் தாம் நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் நின்று தம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் காண்பார்.

மதிப்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்களிடம் பயின்று வருபவர்களோடு சாலையைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஓட்டுநர்